அரிச்சல்முனைச் சாலை

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி ஐந்து கிலோமீட்டர். தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை நாலரை கிலோமீட்டர். ஆக ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை. 2017 ஜூலை 27 அன்று பிரதமர் அதைத் திறந்துவைத்தார். பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவகம் திறக்கப்பட்டதும் அன்றுதான். மதுரையிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை (பழைய எண் 49, இப்போது 87) பாம்பன் பாலத்தைத் தாண்டி, ராமேஸ்வரத் தீவின் முதுகின்மேல் ஓடி, இந்த ஒன்பதரை கிலோமீட்டரோடு கடல் ஓரத்தில் நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் ஒரு வட்டம். வட்டத்தின் நடுவே அசோகத் தூண். வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு திரும்புகின்றன.

இதைப் பற்றி எழுத எனக்கென்ன பாத்தியதை என்று கேட்கலாம். நான் ராஜகுளத்துக்காரன். ஏரிக்கரை ஊர். கடல் எனக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற சமாச்சாரம். ஆனால் அந்தச் சாலையின் தார் காய்வதற்குள்ளேயே நம் கவிதைகளும் அதில் ஏறிப்போய் வட்டமடித்துத் திரும்பி வர ஆரம்பித்துவிட்டன. கடந்த சில வருஷங்களில் கைக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளிலும் அச்சிட்ட பக்கங்களிலும் தனுஷ்கோடி அடிக்கடி தென்படுகிறது. கூரையில்லாத தேவாலயம், மணலில் பாதி புதைந்த தண்டவாளம், அலை, ஒரு காக்கை, தனிமை. கவிதை முடிந்துவிடுகிறது. இவற்றை எழுதியவர்கள் சாமானியர்கள் அல்ல. மொழியின் மேல் பிடிமானமுள்ளவர்கள். அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது. கெட்ட கவிஞன் ஓர் இடத்தைத் தவறாகப் பார்த்தால் அது அவனோடு போயிற்று. நல்ல கவிஞன் தவறாகப் பார்த்தால் அவனுக்குப் பின்னால் வருகிற பத்துப் பேருக்கு அதுவே பார்வையாகிவிடும்.

அந்தக் கவிதைகளில் இல்லாத ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள். கரைவலை இழுக்கிறார்கள். கருவாடு காயப்போடுகிறார்கள். பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. மணலைக் கையால் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீரைக் குடித்தே இரண்டு தலைமுறை வளர்ந்திருக்கிறது. பாழடைந்த தேவாலயத்தைக் கவிதைக்குள் கொண்டுவர அதன் வாசலில் சிப்பி மாலை விற்கிற பெண்ணைத் தாண்டிக்கொண்டுதான் போயாக வேண்டும். எப்படித் தாண்டினார்கள்?

*

தனுஷ்கோடி ஒரு முடிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பழைய எண்ணம் இல்லை அது. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்து, மார்ச்சில் தலைமன்னாருக்குக் கப்பல் விடத் தொடங்கிய பிறகு ஐம்பது வருஷ காலம் தனுஷ்கோடி ஒரு நடுவாந்திர இடம். எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு போட் மெயிலில் ஏறியவன் தனுஷ்கோடியில் இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, 'இர்வின்' அல்லது 'கோஷன்' கப்பலில் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பில் இறங்குவான். ரயில்வேக்காரர்கள், சுங்கச் சிப்பந்திகள், தபால் ஆபீஸ், கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே இருந்தன. ஆளை அனுப்புவதும் ஆளை வாங்குவதுமே அந்த ஊரின் காரியம். தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்கு நின்றுவிட்டு இந்த வழியாகத்தான் போனார்கள். அவர்கள் கண்ணில் தனுஷ்கோடி ஒரு பெயர்ப்பலகை. ரயில் நிற்கும், இறங்க வேண்டும், அவ்வளவே. முனை என்பது வேறு, முடிவு என்பது வேறு. கத்தியின் முனை கத்தியின் முடிவு என்று யாரும் சொல்வதில்லை. வேலை நடப்பது அங்கே.

முனையை முடிவாக்கிய காரியங்கள் இரண்டு. ஒன்று புயல், மற்றது காகிதம்.

புயலை எல்லோரும் அறிவார்கள். 1964 டிசம்பர் 22. நள்ளிரவுக்குச் சற்று முன்னால் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653 எண்ணுள்ள பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடி ஸ்டேஷனை எட்டுகிற தூரத்தில் கடலோடு போயிற்று. வண்டியில் இருந்தவர்கள் 115 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. புயலில் மொத்தம் செத்தவர்கள் ஆயிரத்து எண்ணூறு பேர் வரை என்கிறார்கள். பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. அந்தப் பாலத்தை 46 நாளில் மறுபடி ஓடவைத்தார்கள். பொறுப்பில் இருந்த இளம் எஞ்சினியர் இ. ஸ்ரீதரனின் பெயர் அந்த நாற்பத்தாறு நாளோடு சேர்த்தே இன்றும் சொல்லப்படுகிறது. நியாயம்தான். ஆனால் ஓடவைத்த ரயில் ராமேஸ்வரத்துக்குப் போயிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பிரிந்த தடத்தை அப்படியே விட்டார்கள். தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று மதராஸ் அரசு அறிவித்தது.

இந்த அறிவிப்பு முக்கியம். அறிவிப்புக்குப் பிறகும் ஆட்கள் அங்கே இருந்தார்கள். ஓடிப்போனவர்களில் மீனவர்கள் சிலர் திரும்பி வந்து ஓலைக்குடிசை போட்டார்கள். கடல் அங்கே, மீன் அங்கே, அவர்கள் மட்டும் எங்கே இருப்பது? வாழத் தகுதியற்ற இடத்தில் ஒருவன் வாழ்ந்தால் அரசின் மொழியில் அவனுக்குப் பெயர் இல்லை. பெயரில்லாதவனுக்குச் சாலை எதற்கு, விளக்கு எதற்கு, தண்ணீர்க் குழாய் எதற்கு? ஐம்பத்து மூன்று வருஷம் கழித்துச் சாலை வந்தபோதும் கூடவே மின்கம்பி வரவில்லை. தார் வந்தது, வெளிச்சம் வரவில்லை. சாலை யாரை உத்தேசித்து வந்தது என்பதற்கு இதற்குமேல் சாட்சியம் வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தால் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பகலில் வந்து பகலில் திரும்புகிறவனுக்கு விளக்கு வேண்டாம்.

இப்போது நம் கவிதைக்கு வருகிறேன். 1964இல் 'எழுத்து' ஆறாவது ஆண்டில் இருந்தது. எலியட்டின் 'பாழ்நில'த்தைப் படித்திருந்த ஒரு தலைமுறைக்கு வறட்சியும் வெறுமையும் மணலும் ஏற்கனவே கைப்பழக்கமான படிமங்கள். தனுஷ்கோடி அந்தப் படிமங்களுக்குள் நடந்து வந்து உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தயாராக ஒரு நாற்காலி கிடந்தது. யாரும் இல்லாத ஊர், யாரும் வராத ஸ்டேஷன், யாரும் தொழாத கோயில். இந்த 'யாரும் இல்லாத' என்பது நம் பிரக்ஞையில் பிறந்த வார்த்தை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அரசாணையின் வார்த்தை. வாழத் தகுதியற்ற இடம் என்று ஒரு குமாஸ்தா எழுதியதை நாம் அழகாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அரசைத் திட்டிக் கட்டுரை எழுதுகிற அதே கை இதைச் செய்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

நம் இலக்கணத்தில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் பாலை. நெய்தல் கெட்டால் என்னவாகும் என்று இலக்கணம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. கடற்கரை கெடுவதில்லை. இடம் மாறுகிறது. இங்கே கரைந்த மணல் அங்கே திட்டாகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள மணல் திட்டுகள் இன்று இருக்கிற வடிவத்தில் நாளை இருப்பதில்லை. தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். ஒன்று சீறுகிற மாதத்தில் மற்றது அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றில் தெற்குப் பக்கம் போக முடியாதபோது வடக்கே வலை விடலாம். வாடைக்காற்றில் வடக்கு கலங்கினால் தெற்கு. ஒரு கிலோமீட்டர்கூட அகலமில்லாத மணல் நாக்கின்மேல் ஒருவன் ஏன் பிடிவாதமாகக் குடிசை போட்டான் என்பதற்கு இதுவும் காரணம். இரண்டு கடல் இருக்கிற இடத்தை விட்டு ஒரு கடல் இருக்கிற இடத்துக்குப் போ என்றால் அவன் எதற்காகப் போவான்? அந்தப் பிடிவாதத்தில் துக்கம் உண்டு, கணக்கும் உண்டு. நாம் துக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

*

காகிதத்தின் கதை புயலைப்போல அத்தனை பேச்சுக்கு வருவதில்லை. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலையகத் தமிழர்களில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்கும் என்பது அதில் ஒரு வாசகம். ஐம்பது வருஷமாக அவர்களை அனுப்பிவைத்த துறைமுகம், திரும்பி வாங்கிக்கொள்ள வேண்டிய நேரத்தில், ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம் முடிவதற்குள் கடலுக்குள் போய்விட்டது. வந்தவர்கள் பிறகு ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாம் அவர்களை வாங்கிக்கொண்டது. போகும்போது நோய்ச் சோதனை செய்த அதே முகாம்.

பத்து வருஷம் கழித்து 1974. ஜூன் மாதம் கச்சத்தீவு ஒப்பந்தம். அதே வருஷம் நவம்பர் மாதம் பாம்பனில் சாலைப் பாலத்துக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1976இல் கடல் எல்லை பற்றிய கடிதப் பரிமாற்றம் வந்தது. இந்தப் பக்கத்து மீனவன் அந்தப் பக்கத்துக் கடலில் தொழில் செய்யக் கூடாது என்றாயிற்று. சாலைப் பாலம் பதினான்கு வருஷம் இழுத்து 1988 அக்டோபர் 2இல் திறக்கப்பட்டது. ராஜீவ் காந்தி திறந்தார். இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதற்கு முன்னால் மண்டபத்திலிருந்து தீவுக்குப் போக ரயிலை விட்டால் தோணிதான்.

இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. தீவுவாசிக்குச் சாலை என்பது முதலில் தண்ணீர்மேல் இருந்தது. கச்சத்தீவு அந்தோணியார் கோயிலுக்குப் போகிற வழி, தலைமன்னாருக்குப் போகிற வழி, மீன் போகிற வழி. அதற்குக் கல்லும் தாரும் வேண்டாம், காற்றும் நட்சத்திரமும் போதும். அதை ஒரு பக்கம் கோடு கிழித்து மூடிவிட்டு, இன்னொரு பக்கம் பெருநிலத்தோடு கான்கிரீட்டால் கட்டிப்போட்டார்கள். இரண்டும் ஒரே வருஷத்தில் தொடங்கின என்பது தற்செயல்தான். சதி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் விளைவு ஒன்றே. எதிர்க்கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஜனங்களை முகத்தைத் திருப்பி மதுரையைப் பார்த்து உட்காரவைத்தாயிற்று. அரிச்சல்முனையில் அசோகத் தூணைச் சுற்றித் திரும்புகிற ஒவ்வொரு காரும் அந்தத் திருப்பத்தைத்தான் தன்னறியாமல் செய்துகொண்டிருக்கிறது.

*

சாலைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏரிக்கரையிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் பழைய வழிகள் பலவும் கரைமேல் போகின்றவை. கரை வழிக்காகப் போட்டதல்ல. தண்ணீர் நிற்கப் போட்டது. தண்ணீர் நின்றதால் கழனி, கழனி இருந்ததால் ஊர், ஊர் இருந்ததால் அந்தக் கரைமேல் நடை. கரை உடைந்தால் வழியும் போகும், சோறும் போகும். ஆகையால் வழியைக் காப்பது தனி வேலையாக இருக்கவில்லை. மதகைப் பார்ப்பவன், கலங்கலைப் பார்ப்பவன், மழைக்கு முன்னால் கரைக்கு மண் போடுகிறவன் என்று காப்பவனும் நடப்பவனும் ஒருவராகவே இருந்தார்கள். குடிமராமத்து என்ற சொல்லுக்குள் இருப்பது இதுதான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் குடவோலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பராந்தக சோழன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகள். ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தது எந்த வேலைக்கு என்று கேட்டால், வந்த பெயர்களில் ஒன்று ஏரி வாரியம். ஓர் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக இத்தனை ஏற்பாடு. இதை வைத்துப் பொற்காலம் பாட எனக்கு விருப்பமில்லை. அந்த ஓலையில் பெயர் எழுதப்பட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். கரைக்கு மண் சுமந்தவன் பெயர் அந்தக் கல்லில் இல்லை. வாழத் தகுதியற்ற இடம் என்ற அறிவிப்பில் தனுஷ்கோடி மீனவன் இல்லாததைப்போலவே இல்லை. எண்ணப்படாதவன்தான் எங்கேயும் கரையைத் தாங்கியிருக்கிறான். இருந்தாலும் ஒரு வித்தியாசம் மிச்சமிருக்கிறது. ஏரிக்கரை வழி அங்கே குடியிருப்பவர்களின் தேவையிலிருந்து எழும்பியது. எங்கள் மாவட்டத்தை ஊடறுத்துப் போகிற சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அது இரண்டு நகரங்களின் தேவை. நடுவில் உள்ள ஊர் அதற்குக் குறுக்கே போகிற மாடு. அரிச்சல்முனைச் சாலையும் இந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது. ஆனால் அது நகரத்திலிருந்து நகரத்துக்குப் போகவில்லை. நகரத்திலிருந்து காட்சிக்குப் போகிறது.

இந்த முடிவோடுதான் போன வருஷம் அங்கே போனேன். அதை அப்படியே வைத்துக்கொள்ள அங்கிருந்த ஒரு பாட்டி விடவில்லை. தனுஷ்கோடியில் பழைய ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, தார்ச்சாலையின் ஓரத்திலேயே சாக்கு விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தாள். மணலைவிடத் தாரில் சீக்கிரம் காய்கிறது, மண்ணும் ஒட்டுவதில்லை. கார்கள் விலகிப் போய்க்கொண்டிருந்தன. ரோடு வந்தது உங்களுக்கு நல்லதா பாட்டி என்று கேட்டேன். கேள்வியின் அசட்டுத்தனம் கேட்டு முடிப்பதற்குள்ளேயே தெரிந்தது.

"வர்றாக, பாக்குறாக, போறாக. அவுகளுக்குப் போட்ட ரோடுதேன்" என்றாள். பிறகு ஒரு மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, "முன்னாடி சத்திரம் வரைக்கும் தலைச்சுமை. மணலுக்குள்ள கால் போகும். பிள்ளைத்தாச்சிக்கு வலி எடுத்தா வேன்காரன் வரணும், வேன்காரன் வரலைன்னா வத்தைதேன். இப்ப போன் போட்டா ஆசுபத்திரி வண்டி வருது. யாருக்குப் போட்டதுன்னு கேக்காதீக தம்பி. போட்டுட்டாக. நாங்க நடந்துக்கிறோம்."

வேன்காரர்கள் என்னவானார்கள் என்று கேட்டேன். சாலை வருவதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து ஈர மணலில் வேன் ஓட்டி யாத்திரிகர்களைக் கொண்டுபோய்க் காட்டியவர்கள் அவர்கள். எந்த இடத்தில் மணல் இறுகியிருக்கும், எங்கே சக்கரம் புதையும் என்று தண்ணீர் வற்றுகிற நேரத்தை வைத்தே சொல்லக்கூடியவர்கள். பாட்டி கையை விரித்தாள். அந்த அறிவுக்கு இப்போது வேலை இல்லை. ஒரு வழி வரும்போது இன்னொரு வழி அழிகிறது. அழிந்த வழி ஒரு மனுஷனின் காலிலும் கண்ணிலும் இருந்தது என்பதால் அதற்கு இடிபாடு கிடையாது. புகைப்படம் எடுக்க முடியாது.

'நாங்க நடந்துக்கிறோம்' என்பதை நான் பல நாள் மனசில் போட்டுப் புரட்டினேன். தனக்கென்று போடாத சாலையை ஒருத்தி கருவாட்டுக் களமாக்கிக்கொண்டிருக்கிறாள். இதை ஏமாந்துபோனவளின் சமாதானம் என்று படிக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. வட்டமடித்துத் திரும்புவதற்கென்று போட்ட தாரில் நாள் முழுக்க உட்கார்ந்துகொள்வது, போட்டவனின் உத்தேசத்தைச் சத்தமில்லாமல் மாற்றி எழுதுவது. நாம் கவிதையில் செய்வதாகச் சொல்லிக்கொள்கிற காரியம் இதுதானே, மொழியை அதன் உத்தேசத்திலிருந்து திருப்புவது? அவள் தாரில் செய்திருக்கிறாள்.

கடலும் அந்தச் சாலையை ஒப்புக்கொள்ளவில்லை. வாடைக்காற்று நாட்களில் மணல் எழும்பித் தாரை மூடுகிறது. அரிச்சல்முனையில் அலை தடுப்புக் கற்களைத் தாண்டி வந்து பக்கவாட்டை அரித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கல்லைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். எங்கள் ஏரிக்கரைக்கு மண் போடுவதுபோலவே இருக்கிறதே என்று முதலில் எனக்குத் தோன்றியது. இல்லை. ஏரிக்கரை தண்ணீரை வைத்துக்கொள்வதற்காக. இது தண்ணீரை வராதே என்று சொல்வதற்காக. மணல் நாக்கு அசைகிற இயல்புடையது. அதன் முதுகில் அசையாத ஒன்றைப் போட்டுவிட்டால், போட்டவன் காலமெல்லாம் கல் சுமந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

*

சாலைக்கு இரண்டு முனை உண்டு என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் நாம் எழுதுவதெல்லாம் ஒரு முனையிலிருந்து. மதுரையிலிருந்து வருகிறவனுக்குத்தான் அரிச்சல்முனை கடைசி. எதிரே சுமார் முப்பது கிலோமீட்டரில் தலைமன்னார் இருக்கிறது. 1983க்குப் பிறகு அங்கிருந்து இரவில் படகேறியவர்களுக்கு இந்த மணல்தான் முதல் நிலம். 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் எரிபொருளுக்கும் வரிசை நின்ற நாட்களில், குழந்தைகளோடு சில குடும்பங்களைப் படகுக்காரர்கள் அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். கடலோரக் காவல்படையினர் அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் பலர் வந்தார்கள். போய்ச் சேர்ந்த இடம் மண்டபம். அதே முகாம், மூன்றாவது முறை.

அவர்கள் அந்தத் தார்ச்சாலையில் வண்டியில் வந்திருப்பார்கள். வலது பக்கம் ஒரு கடல், இடது பக்கம் ஒரு கடல். வழியில் கூரையில்லாத தேவாலயம். அந்த இடிபாடு அவர்களுக்கு எதன் குறியீடாக இருந்திருக்கும்? தனிமையின் குறியீடாக இருந்திருக்காது என்பதை மட்டும் நான் துணிந்து சொல்வேன். மடியில் பிள்ளை இருக்கும்போது, விசாரணை முன்னால் காத்திருக்கும்போது, ஒரு சுவர் வெறும் சுவராகவே தெரியும். நாம் இழந்துவிட்ட பார்வை அந்த வெறும் சுவர்.

நவீனத்துவத்தைக் கைகழுவச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜனங்களைப் பாடு என்று மேடையிலிருந்து கட்டளையிடுகிறவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. கருவாட்டுக்காரப் பாட்டியை வரிக்கு வரி கொண்டுவந்து நிறுத்தினால் கவிதை உய்ந்துவிடும் என்றும் நினைக்கவில்லை. அவளையும் ஒரு குறியீடாக்கிச் சாகடிக்க நம்மால் முடியும். அதற்கான திறமை நம்மிடம் தாராளமாக இருக்கிறது. நான் கேட்பது சிறியது. ஓர் இடம் வெறிச்சோடியிருக்கிறது என்று எழுதுவதற்கு முன்னால், அது வெறிச்சோடியிருப்பதாக முதலில் சொன்னது யார் என்று விசாரிக்க வேண்டும். வெறுமை நம்முடைய அனுபவமா, யாரோ போட்டுக்கொடுத்த சாலையில் போய்ப் பார்த்துவந்த காட்சியா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அறம் சார்ந்தது மட்டுமல்ல, உருவம் சார்ந்ததும்கூட. காட்சியாகப் பார்த்த வெறுமை ஒரே மாதிரிக் கவிதைகளைத்தான் உற்பத்தி செய்யும். காக்கை, அலை, தண்டவாளம். நம் கையில் கிடக்கிற பிரதிகளே அதற்கு அத்தாட்சி.

2025 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடிப் பகுதியில் பூநாரைகளுக்கென ஒரு சரணாலயம் அறிவித்தது. நல்ல காரியம். பறவைகள் வருஷாவருஷம் வலசை வருகின்றன, அவற்றுக்கு இடம் வேண்டும். வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட மணல், அறுபது வருஷம் கழித்து, வாழத் தகுதியுள்ளது என்று ஓர் உயிருக்காவது காகிதத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அடுத்த காகிதத்தில் மனுஷர்கள் வரக்கூடும். அது அரசின் வேலை, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் வேலை அதற்கு முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படகு அரைவட்டமாகப் போய் வலையை இறக்கிவிட்டு வரும். கயிற்றின் இரண்டு தலைப்பும் கரையில். ஒரு தலைப்புக்கு ஒரு கூட்டம், மறு தலைப்புக்கு ஒரு கூட்டம். தொலைவில் நின்று இழுக்கத் தொடங்கி, இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். மடி கரையேறும்போது தோளும் தோளும் இடிக்கும். ஒரு தலைப்பை மட்டும் பிடித்து இழுத்தால் வலை வரும், மீன் வராது.